பக்கம் திணறுகிறதா? லைப்ரரி தேடும் முன் பிரவுசரிடம் கேளுங்கள்

இரண்டாயிரம் வரி ஆர்டர் பட்டியல். மேலே ஒரு தேடல் பெட்டி, ஸ்க்ரோலோடு ஒட்டிக்கொண்டே வரும் தலைப்புப் பட்டை, வரியைத் தொட்டால் திறக்கும் பாப்அப். அலுவலக வெப் மென்பொருளில் பாதிக்கு மேல் இந்த வடிவம்தான். திணறுவதும் பெரும்பாலும் இந்த நான்கு இடங்களில்தான். பத்து ஆண்டுகளுக்கு முன் ஜாவாஸ்கிரிப்ட் எழுதித்தான் சாதிக்க முடிந்த பல வேலைகளை இன்று பிரவுசரே செய்துவிடுகிறது. பழைய கோட் மட்டும் கீழே சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் இங்கே வரும் திருத்தங்களில் பல, கோட் சேர்ப்பவை அல்ல, கழிப்பவை.

முதலில் அளந்து பாருங்கள்

குரோமில் இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறங்கள். எக்ஸ்டென்ஷன்கள் ஓடினால் அளவு கெட்டுவிடும். எழுதும்போது சோதிக்கும் டெவலப்மென்ட் பில்டில் அளக்காதீர்கள், பயனருக்குப் போகும் புரொடக்‌ஷன் பில்டையே ஓடவிடுங்கள். பிரவுசரோடு வரும் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸில் பெர்ஃபார்மன்ஸ் டேப், அதில் சிபியு வேகத்தை நான்கில் ஒரு பங்காகக் குறைக்கும் அமைப்பு. உங்கள் மேசை லேப்டாப்பில் எல்லாமே வழுக்கிக்கொண்டு ஓடும். பயனரின் பத்தாயிரம் ரூபாய் போன் அப்படி அல்ல. ரெக்கார்டு அழுத்தி, திணறும் அந்த ஒரே செயலை மட்டும் செய்து, ஐந்து வினாடிக்குள் நிறுத்துங்கள். நீளமான பதிவில் தேடிக் களைத்துப்போவீர்கள்.

பதிவில் மஞ்சள் என்றால் ஜாவாஸ்கிரிப்ட், ஊதா என்றால் ஸ்டைலும் லேஅவுட்டும் (எது எங்கே, எந்த அளவில் என்ற கணக்கு), பச்சை என்றால் பெயின்ட் (திரையில் வரைவது). 50 மில்லிவினாடியைத் தாண்டும் வேலை மூலையில் சிவப்புக் குறியோடு நிற்கும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரை ஒரு முறை புதுப்பிக்கப்படக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிவினாடி. எந்த நிறம் அந்த நேரத்தைத் தின்கிறது என்று பார்த்த பிறகே கீழே உள்ள பகுதிகளுக்குப் போங்கள். ஊதா தின்னும் இடத்தில் ஜாவாஸ்கிரிப்டைச் சுருக்கி மினுக்கிப் பயனில்லை.

அறிகுறி 1: பட்டனை அழுத்தினால் அரை வினாடி கழித்தே அசைகிறது

2024 மார்ச் முதல் பக்கம் எவ்வளவு நன்றாக இயங்குகிறது என்று பார்க்கும் கூகுளின் கோர் வெப் வைட்டல்ஸ் அளவுகளில் ஐஎன்பி இடம்பெற்றிருக்கிறது. அழுத்தியதிலிருந்து திரையில் அடுத்த மாற்றம் தெரியும் வரை ஆகும் நேரம் அது. 200 மில்லிவினாடிக்குள் இருந்தால் நலம், 500-ஐத் தாண்டினால் மோசம். இந்த நேரம் மூன்று துண்டு: அழுத்தல் வரிசையில் காத்திருந்தது, அழுத்தலுக்குப் பதிலாக ஓடும் உங்கள் கோடான ஹேண்ட்லர் ஓடியது, பிறகு திரை வரையப்பட்டது. பதிவில் இன்டராக்‌ஷன்ஸ் வரியைத் தொட்டால் மூன்றும் தனித்தனியே தெரியும். மூன்றுக்கும் காரணம் வேறு, திருத்தமும் வேறு.

காத்திருப்பு நீளம் என்றால், குற்றவாளி அந்தப் பட்டன் அல்ல. பக்கத்தின் வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் மெயின் த்ரெட்டை அதே நேரத்தில் வேறு ஏதோ பிடித்து வைத்திருக்கிறது. அந்த நீளமான வேலையைத் துண்டாக்க வேண்டும். ‘ஸ்கெட்யூலர்.ஈல்டு’ இதற்கென்றே வந்த வழி. குரோம் 129 முதல் உண்டு. நூறு நூறு பதிவாக முடித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் பின் ‘அவெய்ட்’ போட்டு அதை அழையுங்கள். இல்லாத பிரவுசருக்கு ‘செட்டைம்அவுட்’ பூஜ்யம் போதும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஈல்டு செய்த வேலையின் மீதி, வரிசையின் முன்பக்கமாகத் திரும்பி வரும். செட்டைம்அவுட் செய்தது கடைசியில் போய் நிற்கும். ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து முறைக்கு மேல் போனால் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 4 மில்லிவினாடி தாமதமும் சேரும். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு செட்டைம்அவுட் எழுதியவர்களின் பக்கம் முன்பைவிட மெதுவாகிப்போவது இதனால்தான்.

ஹேண்ட்லரே நீளம் என்றால், மஞ்சளுக்கு நடுவே ஊதாக் கீற்றுகள் மாறி மாறி வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் அது கட்டாய லேஅவுட். ஒரு வரியின் உயரத்தை ‘ஆஃப்செட்ஹைட்’ கொண்டு படித்து, உடனே ஸ்டைலை மாற்றி, அடுத்த வரியின் உயரத்தைப் படிக்கும் லூப் இருக்கும். ஸ்டைல் மாறியபின் அளவைக் கேட்டால், பிரவுசர் பக்கத்தின் லேஅவுட்டை மறுபடி கணக்கிட்டுத்தான் பதில் சொல்ல முடியும். இரண்டாயிரம் வரிக்கு இரண்டாயிரம் முறை. எல்லா அளவுகளையும் முதலில் ஒரு அரேயில் படித்து முடியுங்கள், பிறகு எல்லா மாற்றங்களையும் எழுதுங்கள். லூப் இரண்டாகும், லேஅவுட் ஒன்றாகும். அளவு மாறுவதைக் கண்காணிக்கத்தான் படிக்கிறீர்கள் என்றால் ‘ரீசைஸ்அப்சர்வர்’ போடுங்கள், அந்தப் படிப்பே தேவைப்படாது.

அழுத்தியதற்கு அடையாளமாகச் சுழலும் குறி காட்டுகிறீர்கள், ஆனால் அது வேலை முடிந்த பிறகே தெரிகிறது என்ற புகாரும் இதே இனம். குறியைக் காட்டும் வரியும் கனமான வேலையும் ஒரே டாஸ்கில் இருக்கின்றன. நடுவில் ஒரு முறை ஈல்டு செய்தால் பிரவுசருக்குத் திரை வரைய இடைவெளி கிடைக்கும்.

அறிகுறி 2: தேடல் பெட்டியில் எழுத்து பின்தங்கி வருகிறது

ஒவ்வொரு எழுத்துக்கும் பட்டியல் முழுவதையும் அழித்து மறுபடி கட்டுவதுதான் முதல் காரணம். வரிகளை அழிக்காமல் ‘ஹிடன்’ பண்பை மட்டும் மாற்றினால் பாதிச் சுமை இறங்கும். ஹிடன் போட்டும் வரி மறையவில்லையா? அந்த வரியின் கிளாஸில் ‘டிஸ்ப்ளே: ஃபிளெக்ஸ்’ என்று எழுதியிருப்பீர்கள். பிரவுசரின் சொந்த ஸ்டைலை உங்கள் ஸ்டைல் மிதித்துவிடும். ஹிடன் பண்புள்ளவற்றுக்கு ‘டிஸ்ப்ளே: நன்’ என ஒரு தனி விதி எழுதி, அது உங்கள் கிளாஸைவிட வலுவாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாது: தொகையையும் தேதியையும் வரிக்கு வரி ‘டுலொகேல்ஸ்ட்ரிங்’ கொண்டு வடிவமைப்பது. ‘இன்டல்.நம்பர்ஃபார்மேட்’ ஒன்றை லூப்புக்கு வெளியே ஒரே முறை உருவாக்கி, உள்ளே அதன் ‘ஃபார்மேட்’டை மட்டும் அழையுங்கள். ‘டிஏ-ஐஎன்’ என்று மொழி கொடுத்தால் 12,34,567 என லட்சக் கணக்கில் காற்புள்ளி விழும். அதற்காக ஒரு லைப்ரரி ஏற்றியிருந்தால் கழற்றிவிடலாம். பெயர் வரிசைக்கும் இப்படியே ‘இன்டல்.கொலேட்டர்’ ஒன்றை உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். இதில் வேகம் மட்டும் லாபம் அல்ல. வெறும் ‘சார்ட்’ யூனிகோட் எண் வரிசையைத்தான் பார்க்கும். அந்த வரிசையில் ன என்பது ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. தமிழ் நெடுங்கணக்கில் அது கடைசி மெய். வாடிக்கையாளர் பெயர்ப் பட்டியல் கலைந்து தெரிவதாக வரும் புகாருக்கு மூலம் இதுதான்.

மூன்றாவது, தமிழில் தட்டுவோருக்கே உரியது. ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் ‘அம்மா’ என்று வருவதற்குள் பல இன்புட் ஈவென்ட்கள் (பெட்டியில் எழுத்து மாறியது என்ற அறிவிப்புகள்) கிளம்பும், பாதியில் நிற்கும் வடிவங்களோடு. சொல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது எனச் சொல்லும் ‘ஈஸ்கம்போசிங்’ உண்மையாக இருக்கும்போது தேட வேண்டாம் என்று பலர் எழுதிவிடுவார்கள். கணினியில் அது சரி. ஆண்ட்ராய்டில் விசைப்பலகைகள் சாதாரணமாகத் தட்டும் சொல்லையும் கம்போசிங்காகவே நடத்துவதால், இடைவெளி அடிக்கும் வரை தேடல் அசையாது. பிழை வேறு வடிவில் திரும்பிவிடும். முழுதாகத் தடுக்காதீர்கள். 150 முதல் 200 மில்லிவினாடி பொறுத்துத் தேடுங்கள். சர்வரைக் கேட்கும் தேடல் என்றால், முந்தைய கோரிக்கையை ‘அபார்ட்கன்ட்ரோலர்’ கொண்டு ரத்து செய்துவிட்டு அடுத்ததை அனுப்புங்கள். இல்லையென்றால் தாமதமாக வந்த பழைய பதில் புதிய பதிலின் மேல் ஏறி உட்காரும்.

அறிகுறி 3: ஸ்க்ரோல் செய்தால் தடுக்கித் தடுக்கிப் போகிறது

கோட் முழுக்க, பக்கம் நகரும்போதெல்லாம் ஓடும் ‘ஸ்க்ரோல்’ ஈவென்ட் லிசனரைத் தேடுங்கள். தலைப்புப் பட்டையை ஒட்டவைப்பது, படம் திரைக்குள் வந்ததா என்று பார்ப்பது, பட்டியலின் அடி வந்ததும் அடுத்த தொகுதியை அழைப்பது: பெரும்பாலும் இந்த மூன்றுக்குத்தான் வைத்திருப்பார்கள். மூன்றுக்கும் மாற்று உண்டு.

ஒட்டவைக்க ‘பொசிஷன்: ஸ்டிக்கி’. வேலை செய்யவில்லை என்றால் இரண்டைச் சரிபாருங்கள். ‘டாப்’ மதிப்பு கொடுத்தீர்களா? மேலே உள்ள ஏதாவது ஓர் உறையில் ‘ஓவர்ஃப்ளோ: ஹிடன்’ இருக்கிறதா? ஹிடன் போட்ட பெட்டி தானே ஒரு ஸ்க்ரோல் பெட்டியாகிவிடும். பட்டை அதற்குள் ஒட்டப் பார்க்கும், அது நகராததால் ஒட்டாததுபோல் தெரியும். வெட்டுவது மட்டும் நோக்கமென்றால் ‘ஓவர்ஃப்ளோ: கிளிப்’ என மாற்றுங்கள்.

திரைக்குள் வந்ததா என்பதற்கு ‘இன்டர்செக்‌ஷன்அப்சர்வர்’. அடுத்த தொகுதியை அழைக்க, பட்டியலின் அடியில் ஒரு வெற்று உறுப்பை வைத்து அதைக் கவனிக்கச் சொல்லுங்கள். ‘ரூட்மார்ஜின்’ அடிப்பக்கம் 400 பிக்சல் கொடுத்தால் பயனர் அடியைத் தொடும் முன்பே வேலை தொடங்கிவிடும். படங்களுக்கு அதுவும் வேண்டாம், ‘லோடிங்="லேசி"’ போதும்.

ஸ்க்ரோல் லிசனர் எதுவும் இல்லாமலே விரலால் நகர்த்தும்போது மட்டும் தடுக்கினால் ‘டச்ஸ்டார்ட்’, ‘டச்மூவ்’, ‘வீல்’ ஈவென்ட்களைப் பாருங்கள். நகர்வைத் தடுக்க நீங்கள் ‘பிரிவென்ட்டீஃபால்ட்’ அழைக்கக்கூடும் என்பதற்காக, உங்கள் ஹேண்ட்லர் முடியும் வரை பிரவுசர் ஸ்க்ரோலை நிறுத்தி வைக்கிறது. ‘பேசிவ்: ட்ரூ’ என்று சொல்லிவிட்டால் காத்திருக்காது. விண்டோ, டாக்குமென்ட், பாடி ஆகியவற்றில் டச் ஈவென்ட்களை குரோம் 56 முதல் தானாகவே அப்படி எடுத்துக்கொள்கிறது. நடுவில் உள்ள ஒரு பெட்டியில் வைத்த லிசனருக்கு அந்தச் சலுகை இல்லை. சொந்தமாக இழுவை எழுதியிருக்கிறீர்கள், தடுக்காமல் முடியாது என்றால், அந்தப் பெட்டிக்கு மட்டும் சிஎஸ்எஸ்ஸில் ‘டச்-ஆக்‌ஷன்: பேன்-ஒய்’ கொடுத்து, கிடைமட்ட அசைவை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரி, பச்சை மட்டும் அதிகம் என்றால், ஒட்டிய பட்டையின் பின்னால் கண்ணாடிபோல் மங்கலாக்கும் ‘பேக்ட்ராப்-ஃபில்டர்’ இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் பின்னணியை மங்கலாக்க வேண்டிய வேலை அது. எடுத்துவிட்டு 95 விழுக்காடு ஒளிபுகா நிறம் கொடுத்தால் பெரும்பாலோருக்கு வித்தியாசமே தெரியாது.

அறிகுறி 4: நீளமான பட்டியல் திறக்கவே பல வினாடி

இங்கே ‘கன்டென்ட்-விசிபிலிட்டி: ஆட்டோ’ கைகொடுக்கும். திரைக்கு வெளியே உள்ள உறுப்புகளின் லேஅவுட்டையும் பெயின்ட்டையும் பிரவுசர் தள்ளிப்போடும். குரோம் 85, ஃபயர்பாக்ஸ் 125, சஃபாரி 18 முதல் உண்டு. பழையதில் விதி புறக்கணிக்கப்படும், பக்கம் உடையாது. கூடவே ‘கன்டெய்ன்-இன்ட்ரின்சிக்-சைஸ்: ஆட்டோ 72பிஎக்ஸ்’ என உத்தேச உயரமும் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் வரையாத வரிக்கு உயரம் பூஜ்யம். நகர்த்த நகர்த்த ஸ்க்ரோல் பட்டையின் கட்டை குதித்து விளையாடும். ஆட்டோ என்ற சொல், ஒரு முறை வரைந்தபின் உண்மை உயரத்தை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்கிறது.

போட்டும் பலன் இல்லை என்று சொல்பவர்களில் பலர் அதை ‘டிஆர்’ மேல் போட்டிருப்பார்கள். டேபிளின் உள் உறுப்புகளான வரிக்கும் வரித் தொகுதிக்கும் செல்லுக்கும் அது பொருந்தாது, பிழைச் செய்தியும் வராது. ஐம்பது ஐம்பது வரியாகத் தனித்தனி டேபிளாக்கி, ஒவ்வொன்றையும் ஒரு ‘டிவ்’வில் பொதிந்து, அந்த டிவ்வுக்குப் போடுங்கள். அப்போது உத்தேச உயரமும் ஐம்பது மடங்கு. நெடுவரிசைகளின் அகலங்கள் ஒன்றோடொன்று பொருந்த ‘டேபிள்-லேஅவுட்: ஃபிக்ஸ்டு’ தேவைப்படும். அது தனியாகவே ஒரு நல்ல திருத்தம். வழக்கமான முறையில் நெடுவரிசை அகலத்தை முடிவு செய்ய எல்லா செல்லையும் அளக்க வேண்டும். ஃபிக்ஸ்டில் முதல் வரியைப் பார்த்தே முடித்துவிடும். டேபிளுக்கு ‘விட்த்’ கொடுக்க மறந்தால் ஃபிக்ஸ்டு செயல்படாது.

இன்னொரு பொறி: இந்தப் பண்பு பெட்டிக்கு வெளியே நீளும் எதையும் வெட்டிவிடும். வரிக்குள்ளிருந்து கீழே விழும் மெனு பாதியில் அறுந்து நிற்கும். அதற்கான தீர்வு அடுத்த பகுதியில்.

டாமில், அதாவது பிரவுசர் நினைவில் வைத்திருக்கும் பக்க அமைப்பில் உள்ள உறுப்புகளின் எண்ணிக்கையையோ நினைவகத்தையோ இது குறைப்பதில்லை. ஐம்பதாயிரம் வரி என்றால் பக்கம் பக்கமாகப் பிரிப்பதே வழி. ஐம்பதாயிரம் வரியை ஒரே மூச்சில் யாரும் படிக்கப்போவதும் இல்லை.

அறிகுறி 5: பாப்அப் மெதுவாகத் திறக்கிறது, அல்லது எதற்கோ பின்னால் ஒளிந்துகொள்கிறது

‘இசட்-இண்டெக்ஸ் 99999’ என்று கோடில் கண்டால் இந்தப் பகுதி உங்களுக்குத்தான். ‘டயலாக்’ உறுப்பை ‘ஷோமோடல்’ கொண்டு திறந்தால் பிரவுசர் அதை எல்லாவற்றுக்கும் மேலான தனி அடுக்கில் வைக்கும். இசட்-இண்டெக்ஸும், உறையின் ஓவர்ஃப்ளோவும் அதைத் தொடாது. பின்னால் உள்ளவை செயலிழக்கும், எஸ்கேப் விசை மூடும், மூடியதும் ஃபோகஸ் பழைய பட்டனுக்கே திரும்பும். 2022 மார்ச்சிலிருந்து முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் உண்டு. மெனு, குறிப்புப் பெட்டி போன்றவற்றுக்கு ‘பாப்ஓவர்’ பண்பு. அதுவும் அதே மேல் அடுக்கில்தான் திறக்கும் என்பதால், முன்பு சொன்ன அறுந்த மெனு முழுதாகத் தெரியும்.

வழக்கமாகத் தவறும் இடங்கள்: ‘ஓபன்’ பண்பைக் கையால் சேர்த்துத் திறந்தால் அது மோடல் (பின்னணியைப் பூட்டும் பாப்அப்) ஆகாது, திரையும் மங்காது, பின்னால் உள்ள பட்டன்களும் அமுங்கும். பாப்அப் மூடியே இருக்கமாட்டேன் என்றால், டயலாக்குக்கு ‘டிஸ்ப்ளே: ஃபிளெக்ஸ்’ எழுதியிருக்கிறீர்கள். ஓபன் பண்பு இருக்கும்போது மட்டும் என விதியை மாற்றுங்கள். பின்னணி ஸ்க்ரோல் ஆகிறதென்றால் அது பிழையல்ல, டயலாக் அதைத் தடுப்பதில்லை. ‘:ஹாஸ்’ கொண்டு, திறந்த டயலாக் உள்ளபோது ‘எச்டிஎம்எல்’ உறுப்புக்கு ‘ஓவர்ஃப்ளோ: ஹிடன்’ கொடுங்கள். அப்போது ஸ்க்ரோல் பட்டை மறைந்து பக்கம் வலப்பக்கம் நகர்ந்தால் ‘ஸ்க்ரோல்பார்-கட்டர்: ஸ்டேபிள்’ சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 6: படிக்கும்போது வரிகள் குதிக்கின்றன

படங்களில் ‘விட்த்’, ‘ஹைட்’ இரண்டையும் எண்ணாக எழுதுங்கள், சிஎஸ்எஸ்ஸில் ‘ஹைட்: ஆட்டோ’. பிரவுசர் விகிதத்தைக் கணித்து இடத்தை முன்பே ஒதுக்கிவிடும். தாமதமாக வரும் அறிவிப்புப் பட்டைக்கு ‘மின்-ஹைட்’. பக்கம் எவ்வளவு குதிக்கிறது என்று காட்டும் சிஎல்எஸ் அளவு 0.1-க்குள் இருக்க வேண்டும்.

தமிழ்ப் பக்கத்தில் பெரும்பாலும் குதிக்க வைப்பது ஃபான்ட்தான். கருவியோடு வரும் தமிழ் எழுத்துருவுக்கும் உங்கள் வெப் ஃபான்ட்டுக்கும் எழுத்தின் அகலம் நன்றாகவே வேறுபடும். மூன்று வரிப் பத்தி நான்கு வரியாகும். வெப் ஃபான்ட் இறங்கும் வரை தெரியும் மாற்று எழுத்துருவுக்கு ‘@ஃபான்ட்-ஃபேஸ்’ எழுதி, ‘சைஸ்-அட்ஜஸ்ட்’ விழுக்காட்டை ஏற்றி இறக்கி, இரண்டு எழுத்துருவிலும் ஒரே பத்தி ஒரே எண்ணிக்கை வரியில் நிற்கும் வரை பாருங்கள். ஃபான்டை முன்கூட்டி அழைக்கும் ‘பிரீலோடு’ வரியில் ‘கிராஸ்ஆரிஜின்’ விடுபட்டால் அதே கோப்பு இரண்டு முறை இறங்கும். நெட்வொர்க் டேபில் கண்ணால் பார்க்கலாம்.

கோப்பு எடையைக் குறைக்க எழுத்துருவை வெட்டும்போது கவனம் தேவை. தமிழுக்கு யூனிகோட் ஒதுக்கிய எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு ஓபன்டைப் விதிகளைக் கழித்துவிட்டால் ‘கு’, ‘கூ’ போன்றவை ஒட்டிய வடிவம் இழந்து, ககரம் தனி, குறி தனி என நிற்கும். ‘க்ஷ’ பிரிந்துவிடும். ‘யூனிகோட்-ரேஞ்ச்’ பட்டியலில் கண்ணுக்குத் தெரியாத இணைப்பான், பிரிப்பான் இரண்டையும், ரூபாய்க் குறியையும் சேர்க்க மறவாதீர்கள்.

அறிகுறி 7: முதல் படம் கடைசியில் வருகிறது

எல்லாப் படத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு லேசி போட்டதன் பலன். மேலே தெரியும் பெரிய படத்திலிருந்து அதை எடுத்துவிட்டு ‘ஃபெட்ச்பிரையாரிட்டி="ஹை"’ கொடுங்கள், ஒரே ஒரு படத்துக்கு மட்டும். ஐந்துக்குக் கொடுத்தால் யாருக்கும் கொடுக்காததற்குச் சமம். சிஎஸ்எஸ் பின்னணியாக வைத்த படத்தை, ஸ்டைல் கோப்பு இறங்கும் வரை பிரவுசரால் கண்டுபிடிக்கவே முடியாது; ‘ஐஎம்ஜி’ ஆக மாற்றுங்கள்.

அறிகுறி 8: பின்செல் பட்டன் அழுத்தினால் பக்கம் முதலிலிருந்து ஏறுகிறது

பிரவுசர் முந்தைய பக்கத்தை அப்படியே உறையவைத்து நினைவில் வைத்திருக்கும். ‘அன்லோடு’ ஈவென்ட் லிசனர் இருந்தால் கணினிப் பிரவுசர்கள் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டுவிடலாம். அதை ‘பேஜ்ஹைட்’ ஆக மாற்றுங்கள். சர்வர் அனுப்பும் ‘நோ-ஸ்டோர்’ தலைப்பும் தடையாகலாம். டெவ்டூல்ஸ் அப்ளிகேஷன் டேபில் இதற்கென்றே ஒரு சோதனைப் பட்டன் இருக்கிறது, காரணத்தைப் பெயர் சொல்லிக் காட்டும். சரிசெய்தபின் பழைய தொகை அப்படியே தெரிகிறது என்ற புகார் வரும்: ‘பேஜ்ஷோ’ ஈவென்டில் ‘பெர்சிஸ்டட்’ உண்மையா என்று பார்த்து, அப்போது மட்டும் தரவைப் புதுப்பியுங்கள்.

அறிகுறி 9: காலையில் பறக்கிறது, மாலையில் நகர மாட்டேன் என்கிறது

நாள் முழுக்க மூடாத டேபில் நினைவகம் கசிகிறது. மெமரி டேபில் ஒரு ஹீப் ஸ்னாப்ஷாட் (நினைவகத்தில் இருப்பவற்றின் பதிவு), பிறகு பாப்அப்பைப் பத்து முறை திறந்து மூடி, குப்பை சேகரிக்கும் பட்டனை அழுத்தி, மறுபடி ஒன்று. பக்கத்திலிருந்து கழன்றும் நினைவில் நிற்பவற்றைப் பார்க்க, வடிகட்டும் பெட்டியில் ‘டிடாச்டு’ என்று தட்டுங்கள். பத்தின் மடங்கில் உறுப்புகள் நின்றால், மூடிய பாப்அப்பை எதுவோ பிடித்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் விண்டோ மேல் சேர்த்து, நீக்க மறந்த லிசனர். ஒவ்வொன்றாகத் தேடி நீக்குவதைவிட, திறக்கும்போது ஓர் அபார்ட்கன்ட்ரோலர் உருவாக்கி, எல்லா லிசனருக்கும் அதன் ‘சிக்னல்’ கொடுத்து, மூடும்போது ஒரு ‘அபார்ட்’ அழைத்தால் எல்லாம் ஒன்றாக உதிரும். செட்இன்டர்வலும் அப்சர்வர்களும் இதற்குள் அடங்காது. அவற்றைத் தனியே நிறுத்துங்கள்.

எல்லாம் செய்தும் எண் அசையவில்லை என்றால்

வெளியாரின் ஸ்கிரிப்ட்களைச் சந்தேகியுங்கள். நெட்வொர்க் டேபில் அரட்டைப் பெட்டி, விளம்பரம், கண்காணிப்பு எனத் தளம் தளமாகத் தடுத்து, ஒவ்வொரு முறையும் பதிவு எடுங்கள். எதைத் தடுத்தபோது சிவப்புக் குறி மறைகிறதோ, அதைப் பாப்அப் திறந்த பிறகோ முதல் தொடுதலுக்குப் பிறகோ ஏற்றும்படி தள்ளிவையுங்கள். அதற்கும் அசையாமல், சர்வரிலிருந்து முதல் பைட் வரவே 800 மில்லிவினாடிக்கு மேல் ஆகிறதென்றால், டெவ்டூல்ஸை மூடிவிட்டுத் தரவுத்தளத்தின் மெதுவான குவெரிகளின் (தரவு கேட்கும் கட்டளைகளின்) பதிவைத் திறங்கள்.